கிட்டாருக்கு ஆயில் ஃபினிஷ்: துடைத்த துணியைக் கசக்கிப் போடாதீங்க!

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார், ‘நெக் ஒட்டுது’. நெக் என்பது இடது கை மேலும் கீழும் நகர்கிற நீளமான பகுதி. பெரும்பாலான கிட்டார்களில் அதன் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளங்கை வியர்த்துவிட்டால் கட்டைவிரல் அதில் சிக்கிச் சிக்கித்தான் நகரும். இதற்குத் தீர்வாகப் பலரும் தேடிப் போவது, மரத்தில் எண்ணெய் பூசுகிற ‘ஆயில் ஃபினிஷ்’. வீட்டிலேயே செய்துவிடலாம். ஸ்பிரே கன் வேண்டாம், கொஞ்சம் எண்ணெய், உப்புத்தாள், பழைய பனியன் துணி இருந்தால் போதும். இதில் ஆபத்தான பொருள் அந்தப் பனியன் துணிதான். அதற்குப் பிறகு வருவோம்.

கோட்டிங் வேறு, எண்ணெய் வேறு

ஃபெண்டர் கிட்டார்களில் 1950-களில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1960-களின் இறுதியில் பாலியெஸ்டர் வந்தது. இரண்டுமே மரத்துக்கு மேலே தனிப் படலமாக உட்காரும். கை தொடுவது அந்தப் படலத்தைத்தான். எண்ணெய் அப்படியில்லை. மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிவிடும், கைக்கு மரமே தட்டுப்படும். எர்னி பால் மியூசிக் மேன் நிறுவனம் தன் பல மாடல்களின் நெக்குக்கு, துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பூசுகிற ‘கன்ஸ்டாக் ஆயில்’ மற்றும் மெழுகைத்தான் பயன்படுத்துகிறது.

சவுண்டு மாறுமா? பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப்பில் இருக்கும் காந்தமும் செம்புச் சுருளும். கைக்குத் தெரிகிற வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

சமையலறை எண்ணெய் ஏன் சரிப்படாது?

‘தேங்காய் எண்ணெய் பூசலாமா?’ என்பது நியாயமான சந்தேகம். கூடாது. மரத்துக்குப் பூசும் எண்ணெய் காய்வது, தண்ணீர் ஆவியாவது போல அல்ல. காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிறது. அதற்கு எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய இருக்க வேண்டும். அதை அளக்கும் கணக்குதான் அயோடின் மதிப்பு. ஆளி விதையிலிருந்து எடுக்கும் லின்சீட் ஆயிலுக்கு இது சுமார் 170 முதல் 200 வரை. தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியே. விளக்கெண்ணெய் 80, 90-ல் நின்றுவிடும். அதனால் தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் ஆனாலும் இறுகாது. பிசுபிசுப்பாகவே இருந்து சிக்கு வாடை அடிக்கும்.

எனவே தேர்வு லின்சீட் ஆயில் அல்லது சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட டங் ஆயில். கடையில் ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்பது உண்மையில் கொதிக்க வைத்தது அல்ல. சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் கலந்தது. ‘டேனிஷ் ஆயில்’ என்பது எண்ணெய், வார்னிஷ், தின்னர் சேர்ந்த கலவை. பிராண்டுக்கு பிராண்டு விகிதம் மாறும்.

பூசுவதைவிட துடைப்பதுதான் வேலை

முதல் நிபந்தனை, மரம் வெறும் மரமாக இருக்க வேண்டும். பழைய பாலியெஸ்டர் மேல் எண்ணெய் ஊற்றினால் உள்ளே இறங்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தடிமனான பாலியெஸ்டரைச் சுரண்டி எடுப்பது நாள்கணக்கில் இழுக்கும். அதன் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல, மாஸ்க் கட்டாயம். விலை குறைந்த கிட்டாரில் பெயின்ட்டுக்கு அடியில் பல துண்டு மரங்களை ஒட்டிய கோடுகள் வெளியே வரலாம். பழைய, மதிப்புள்ள கிட்டார் என்றால் ஒரிஜினல் ஃபினிஷ் போனதோடு விலையும் போய்விடும். நெக் ஒட்டுவது மட்டும்தான் பிரச்சினையா? பின்பக்கத்தை நைஸான உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். எண்ணெயே தேவையில்லை.

அப்படியும் இறங்குகிறவர்கள் கம்பி, பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உப்புத்தாளில் 120-ம் நம்பரில் ஆரம்பித்து 180, 220, 320 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நெக் வந்து உட்காரும் குழியை மட்டும் தேய்க்கக் கூடாது, பொருத்தம் லூஸாகிவிடும். ஃபிரெட்போர்டு ரோஸ்வுட் என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுவது நல்லது. நம்மூரில் ஈட்டி என்று சொல்கிற மரமும் ரோஸ்வுட்தான். அதில் இயற்கையாகவே இருக்கும் எண்ணெய்ப்பசை, பூசுகிற எண்ணெயைச் சரியாகக் காயவிடாது.

பிறகு துணியில் கொஞ்சமாக எண்ணெய் தொட்டு மெல்லிசாகப் பூசி, 10, 15 நிமிடம் கழித்து மேலே நிற்கும் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே’ என்று விட்டால் அந்த இடம் வாரக்கணக்கில் ஒட்டும். அடுத்த கோட்டுக்குக் குறைந்தது ஒரு நாள் இடைவெளி, ஈரப்பதம் அதிகமுள்ள நாட்களில் இன்னும் கூடுதலாக. மூன்று முதல் ஐந்து கோட் வரை போகலாம். கடைசி கோட்டுக்குப் பிறகு இரண்டு வாரமாவது சும்மா விட்டுவிட்டு, அப்புறம் கம்பி மாட்டலாம். கீறலையும் தண்ணீரையும் தடுப்பதில் பாலியெஸ்டர் அளவுக்கு இது வராது. நெக்கில் அவ்வப்போது மறுபடி ஒரு கோட் தேவைப்படும்.

அந்தத் துணி என்ன செய்யும்?

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. 18 மணி நேரத்துக்கும் மேல் எரிந்த தீ, தானியங்கி ஸ்பிரிங்க்ளர் இருந்த 30-வது மாடிக்கு வந்த பிறகே நின்றது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கட்டடம் 1999-ல் இடிக்கப்பட்டது. தீக்குக் காரணம் சிகரெட்டோ ஷார்ட் சர்க்யூட்டோ அல்ல. மரப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச் சென்ற, லின்சீட் ஆயில் ஊறிய துணிகள்.

எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வரும். கிட்டார் மேல் பரவியிருக்கும் மெல்லிய எண்ணெயில் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். அதே எண்ணெய் கசக்கிச் சுருட்டிய பருத்தித் துணியில் இருந்தால், உள்ளே உண்டாகும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக வேகமாக இன்னும் சூடாகும். சில மணி நேரத்தில் யாரும் தீக்குச்சி உரசாமலே துணி பற்றிக்கொள்ளும். பாயில்டு லின்சீட் ஆயிலில் இது இன்னும் வேகம். டங் ஆயிலுக்கும் டேனிஷ் ஆயிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அதனால் வேலை முடிந்த துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, மூலையில் சுருட்டி வைக்கவும் கூடாது. வாஷிங் மெஷினிலும் போட வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்துப் போட வேண்டும். ஃபிளாட்டில் அதற்கு இடமில்லை என்றால், மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி முழுக்க மூழ்க வைக்கலாம். விரித்துப் போட்ட துணி முழுசாகக் காய்ந்து அட்டை மாதிரி விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போக வேண்டும்.