பழைய வீடியோ நாடாக்களும் டெக்கை இணைக்கும் முறையும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரையைச் சுனாமி தாக்கியதை நம்மில் எவரும் மறந்திலர். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில் உயிர் நீத்தோர் பலர். அவர்களுள் சிலருடைய நடையும் குரலும், உறவினர் வீட்டுத் திருமணத்தின்போது பதிவான வீடியோ நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். உள்நாட்டு ஊர்களில் மறைந்த முதியோர் திறத்திலும் இஃது உண்மையே.

1980-களில் அரபு நாடுகளினின்று திரும்பியோர் தம் பெட்டிகளுடன் டெக்கையும் கொண்டுவந்தனர். வாங்க இயலாதோர் நாள் வாடகைக்கு எடுத்து, தெருவார் யாவருடனும் கூடி விடிய விடியப் படம் பார்த்தனர். 1976-இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். முறைக் கருவியே பெரும்பாலும் நம் வீடுகளில் இருந்தது. அதன் உற்பத்தி 2016-ஆம் ஆண்டு ஜூலையுடன் நின்றுபோயிற்று. ஆகவே பரணில் கிடக்கும் டெக்கைப் பழைய இரும்புக்குப் போடுதல் தகாது.

நாடா என்பது காந்தத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக்கேயாகும். இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அதற்கு முதற்பகை ஈரம். விதைநெல்லை ஈரத் தரையில் வைப்பார் உளரோ? கேசட்டின் கண்ணாடி வழியே நோக்குங்கால், நாடாச் சுருளின்மீது வெண்மையாகப் பூஞ்சணம் தென்படின் அதனை டெக்கில் இடலாகாது. பூஞ்சணம் கருவியின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்து இடும் நாடாவையும் கெடுக்கும். அத்தகைய நாடாவைப் பழக்கமுள்ளவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்வித்தல் வேண்டும்.

இனி இணைக்கும் முறை. முதலில் இரு கருவிகளின் மின்சாரத்தையும் துண்டித்துவிடுக. டெக்கின் பின்புறம் ‘வெளி’ எனப் பொருள்படும் ‘அவுட்’ என்ற துளைகளில் கம்பிகளைச் செருகி, மறுமுனையைத் தொலைக்காட்சியின் ‘இன்’ துளைகளில் செருகுக. மஞ்சள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டெக்கில் ஒலித்துளை ஒன்றே இருப்பின் வெள்ளையைப் பயன்படுத்துக. பின்னர்த் தொலைக்காட்சியில் ‘ஏ.வி.’யைத் தேர்ந்தெடுத்தால் படம் தோன்றும். ஆண்டெனாத் துளை மட்டுமுள்ள பழைய பெட்டியாயின், அத்துளையில் டெக்கின் ஆண்டெனாக் கம்பியை இணைத்து, டெக்கை ஓடவிட்டுக்கொண்டே நிலையத்தைத் தேடிப் பிடித்தல் வேண்டும். புதுப் பெட்டிகள் பலவற்றில் மஞ்சள் துளையே இல்லை; அவற்றிற்கு எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி நல்ல நிலையிலிருப்பின் அதுவே இப்பணிக்கு மிகப் பொருந்தும்.

படத்தில் கோடுகள் ஓடினால் ‘டிராக்கிங்’ திருகினைச் சிறிது சிறிதாகத் திருப்புக. அமெரிக்க உறவினர் அனுப்பிய நாடா கருப்பு வெள்ளையாகவோ உருண்டோ தெரிந்தால் டெக்கைக் குறைகூற வேண்டா. அந்நாட்டு ஒளிபரப்பு முறை வேறு.

யாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. டெக்கிலுள்ள சிவப்புப் பொத்தானைத் தவறி அழுத்தினால், பழைய காட்சி அழிந்து புதியது பதிவாகிவிடும்; அழிந்ததை மீட்க வழியில்லை. கேசட்டில் பெயர்ச்சீட்டு ஒட்டும் விளிம்பின் ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தட்டை முன்னதாகவே ஒடித்துவிட்டால், டெக் அதில் பதிவு செய்யாது.

நாடா நன்கு ஓடுமாயின், அதே மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைக் கணினியில் ஏற்றும் சிறு கருவியில் செருகிப் படியெடுக்கலாம். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரமே பிடிக்கும், விரைவுபடுத்த இயலாது. வீட்டுக்கொரு டெக் தேட வேண்டுவதில்லை. ஊராட்சியில் பழுதற்ற டெக் ஒன்றும் கணினி ஒன்றும் இருப்பின், உறுப்பினர்கள் நாள் குறித்து, ஒவ்வொரு வீட்டாரையும் தத்தம் நாடாக்களுடன் முறைவைத்து வரச்செய்யலாம். படியெடுத்தபின் இரு பென் டிரைவ்களில் ஏற்றி, அவற்றை இரு வேறு வீடுகளில் வைத்துக்கொள்க.