பொழுது சாய்ந்தால் நகரும் மொட்டைமாடி

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் வானத்தை மறைக்க ஒன்றும் இல்லை. எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இந்தக் கரிசல் ஊரில் வீடுகளைத் தாண்டினால் மானாவாரிப் புஞ்சைதான். செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் கணிக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றிச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். சென்னையில் என்றால் சிக்னல் அடுக்குமாடிச் சுவரில் மோதித் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். இங்கே அது இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துக்கென்றே சில வில்லங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியது கண்ணுக்குத் தெரியாதது.

முதலில் மென்பொருள். ஜப்பானியரான தொமோஜி தகாசு 2006 டிசம்பரில் பாடம் நடத்துவதற்காக எழுதத் தொடங்கியது ஆர்டிகேலிப். இன்று உலகம் முழுக்க மாணவர்களும் ஆய்வாளர்களும் காசில்லாமல் பயன்படுத்துகிறார்கள். நிறுவுவது என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, உள்ளே இருப்பதைச் சொடுக்கினால் போதும். மல்லுக்கட்டு அதற்குப் பிறகுதான். யுஎஸ்பியில் செருகிய ரிசீவர் எந்த காம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். யூ-பிளாக்ஸ் ரிசீவரைத் தொடர் கம்பியில் இணைத்தால் வேகத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும்: பழைய வகைக்கு 9600, புதியதற்கு 38400. இன்னொரு மென்பொருள் அதே போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதற்குத் தராது. பாதிப் பேர் ரிசீவர் பழுது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

எல்லாம் சரியானதும் டாலர் குறியில் தொடங்கும் வரிகள் திரையில் கொட்டும். அதில் அட்சரேகை 0906.0000 என்று வந்தால் அது 9.06 பாகை இல்லை; 9 பாகை 6 கலை, அதாவது 9.10 பாகை. தப்பாகப் படித்தால் கோவில்பட்டிப் பக்கத்துப் புஞ்சை ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் கயத்தாறு பக்கம் நகர்ந்துவிடும்.

அடுத்து உயரம். கோவில்பட்டி வட்டாரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர். மென்பொருளோ பத்துப் பதினைந்து மீட்டர் என்று காட்டும். அதையே தூத்துக்குடிக் கடற்கரையில் வைத்தால் கழித்தல் 90 மீட்டர் அளவில் வரும். பிழை மென்பொருளில் இல்லை. அது அளப்பது, பூமியை ஒழுங்கான நீள்வட்டக் கோளமாகக் கற்பனை செய்து, அந்தப் பரப்பிலிருந்து. உண்மைக் கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்குத் தக்கபடி மேடும் பள்ளமுமானது. உலகிலேயே ஆழமான பள்ளம், சுமார் 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதன் சரிவில்தான் தென் தமிழகம் முழுவதும் கிடக்கிறது. இந்த மேடுபள்ளத்துக்கான ஜியாய்டு திருத்தத்தைத் தேர்ந்தெடுக்காமல் கிணற்று ஆழமும் ஓடை வாட்டமும் கணக்குப் பார்க்க உட்காரக் கூடாது.

ஆன்டெனாவை எங்கே வைப்பது? புஞ்சையில் கம்பு ஊன்றி வைக்கலாமே என்றால், வேண்டாம். கரிசல் மண்ணில் உள்ள களிமண் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் நிலம் ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும்போது ஊன்றிய கம்பு நிமிர்ந்தபடியா நிற்கும்? சென்டிமீட்டர் கணக்குப் பார்க்கிறவருக்கு இது பெரிய நகர்வு. உறுதியான காங்கிரீட் மொட்டைமாடிதான் சரி. அங்கே ஆன்டெனாவை அசையாமல் வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் பதிவு ஓடட்டும். பிறகு ஆர்டிகேலிப்போடு வரும் ஆர்டிகேபிளாட்டில் விரித்தால், நகராத ஒரு புள்ளி திரையில் புள்ளிக்கூட்டமாகத் தெரியும். கூட்டம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நம்பலாம்.

பொழுது சாய்ந்தபின் பதிவான புள்ளிகளில்தான் வேடிக்கை. காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு, தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதற்காகவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்து, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தைக் கவனித்துவருகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் இந்த அயனிமண்டலத்தைக் கடக்கையில் தாமதமாகும். ஒரு நானோநொடி பிந்தினால் 30 சென்டிமீட்டர் பிழை. பகல் தாமதத்துக்காவது கணக்கு உண்டு: செயற்கைக்கோளே அனுப்பும் எட்டு எண்களை வைத்து மென்பொருள் ஏறக்குறைய பாதியைக் கழித்துவிடும். சூரியன் மறைந்ததும் அயனிமண்டலத்தின் அடிப்பகுதியில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி மேலேறுகின்றன. அவற்றின் ஊடே வரும் சிக்னல் மினுங்கும், சில நேரம் அறுந்தே போகும். எட்டு எண்களுக்கு இது பிடிபடாது. பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும், இரவு ஏழிலிருந்து நள்ளிரவு வரை தொல்லை அதிகம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடும். பகலில் மட்டும் சோதித்துவிட்டு மென்பொருள் பிரமாதம் என்று எழுதிக்கொடுப்பவரை நான் நம்பமாட்டேன்.

குமிழி பிறப்பது நம் தலைக்கு மேல் என்றாலும், அதன் கொடுமை முற்றுவது அகமதாபாத், போபால் பக்கம். நடுக்கோட்டில் உயர்ந்த எலக்ட்ரான் கூட்டம் காந்தக் கோடுகள் வழியே வழிந்து அங்கேதான் குவிகிறது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் திருத்த அமைப்பை உருவாக்கியபோது, இந்திய வானத்துக்கென்று தனி அயனிமண்டல மாதிரியே செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே அமைப்புப் பக்கத்தில் அயனிமண்டலத் திருத்தம் என்ற வரியைத் தொடாமல் விடக் கூடாது. ககன் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் என்றால், செயற்கைக்கோள் வழித் திருத்தமான எஸ்பிஏஎஸ் தேர்வு. இரண்டு அலைவரிசை ரிசீவர் என்றால் அயனி நீக்கிய கணிப்பு. இரண்டு அலைவரிசையும் ஒரே பாதையில் வெவ்வேறு அளவு தாமதமாவதால், அந்த வித்தியாசமே தாமதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தியாவின் சொந்த இருப்பிடச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் வேண்டுமென்றால் மென்பொருளின் பதிப்பைப் பார்க்கவும். 2013-ல் வந்த 2.4.2-க்கு அது தெரியாது.

இன்னொன்று: கணித்து முடித்த இருப்பிடத்தை மட்டும் சேமிக்காமல் கச்சா அளவீடுகளையும் சேமித்துவைக்க வேண்டும். அப்போது ஒரே இரவின் பதிவை அதே தொகுப்பிலுள்ள ஆர்டிகேபோஸ்ட்டில் வெவ்வேறு அமைப்பில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். பழி வானத்தின் மேலா, ரிசீவர் மேலா, நாம் டிக் செய்ய மறந்த ஒரு பெட்டியின் மேலா என்பது அதில் தெரிந்துவிடும்.