கல்யாணப் பணம் தேடி ஆலைக்கு வந்த பெண்கள்

கையில் ஒரு நோட்டீசு. அதில் ஒரு இளம்பெண்ணின் படம். சிரித்த முகம். கீழே சேதி: தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. 3 ஆண்டு வேலை. முடிவில் மொத்தமாகப் பணம்!

1990-க்குப் பிறகு தேனி, விருதுநகர், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் இப்படிப்பட்ட நோட்டீசுகள் பரவின. கொண்டு வந்தவர் தரகர். போக வேண்டிய இடம் கோவை, திருப்பூர், ஈரோடு. வேலை நூல் ஆலையில்.

திட்டத்துக்குப் பெயர் "சுமங்கலித் திட்டம்". சில இடங்களில் "திருமகள் திருமணத் திட்டம்". கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டுமே வேலை. பணம் எதற்கு என்பதைப் பெயரே சொல்லிவிடும். நகைக்கும் சீருக்கும்தான்!

வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-ல் வந்துவிட்டது. ஆனால், மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நின்றதா? மழை பொய்த்த ஊர். அப்பாவுக்குக் கடன். மகளுக்கு வயது 16. இந்த நிலையில் தரகர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் எந்தத் தாய்தான் "வேண்டாம்" என்பாள்?

கணக்குப் பார்ப்போம்

முடிவில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் 30 ஆயிரம் ரூபாய் முதல் 50 ஆயிரம் வரை. 3 ஆண்டு என்றால் 1,095 நாள். 50 ஆயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் நாள் ஒன்றுக்கு 46 ரூபாய்கூட வரவில்லை. அதுவும் தானமல்ல. பெரும்பாலும் அவள் கூலியிலேயே பிடித்து வைத்த பணம். கைச் செலவுக்கு மாதாமாதம் கிடைத்தது கொஞ்சம்.

வேலை என்ன? நூற்பு எந்திரத்தில் வரிசையாகக் கதிர்கள் சுழலும். நூல் அறும். ஓடிப்போய் ஒட்ட வேண்டும். ஒட்டித் திரும்புவதற்குள் இன்னொரு நூல் அறும். காற்று வறண்டால் நூல் அதிகம் அறும் என்பதால் ஆலைக்குள் ஈரக் காற்று விடுவார்கள். உள்ளே புழுக்கம். தலைமுடியிலும் மூக்கிலும் பஞ்சுத் தூசி. 8 மணி நேரமும் நடைதான். ஆள் குறைந்த நாளில் அடுத்த ஷிப்டும் சேர்ந்துகொள்ளும்.

வேலை முடிந்தால் விடுதி. வாசலில் பூட்டு. வெளியே போக அனுமதி வேண்டும். போன் பேசவும் பல இடங்களில் கட்டுப்பாடு. பார்க்க வருவது பெற்றோர் மட்டுமே. இந்தப் பூட்டு பெற்றோருக்குப் பிடித்திருந்தது என்பதுதான் விசேஷம்! "பெண் பத்திரமாக இருப்பாள். காதல் கீதல் என்று போகமாட்டாள். சாதி விட்டுச் சாதி போகமாட்டாள்" என்று நிம்மதி அடைந்தார்கள். வந்தவர்களில் பலர் தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள்.

இரண்டு ஆண்டு கழிந்திருக்கும். அவளுக்கு இருமல் நிற்கவில்லை. ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் பாதியில் போனால் மொத்தப் பணம் கிடைக்காதே! போனில் தாயிடம் அழுவாள்.

"இன்னும் ஏழு மாசம்தானே தாயி! பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

இப்படி இருந்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்தவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில்

கோவையில் ஸ்டேன்ஸ் துரையின் நூல் ஆலை தொடங்கியது 1888-ல். பைக்காரா மின்சாரம் வந்ததும் 1930-களில் ஆலைகள் பெருகின. அப்போதே பெண்கள் வேலை செய்தார்கள். குழந்தை பெற்றவர்களும் இருந்தார்கள். பேறுகால உதவி, இரவு வேலைத் தடை என்று சட்டங்கள் வரவர, பெண்ணை வைத்தால் செலவு என்று முதலாளிகள் ஆண்களையே சேர்த்தார்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று இருந்தது.

ஒரு பெண் தொழிலாளி இதை எதிர்த்துச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். 2000-ம் ஆண்டு டிசம்பரில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பானது. வண்டி வசதி, பாதுகாப்பு, போதிய ஓய்வு ஆகியவை தர வேண்டும் என்று கோர்ட்டு நிபந்தனை போட்டது. இரவு வேலை அவள் உரிமை ஆனது. ஆனால் பூட்டிய விடுதியில் இருப்பவளிடம் "இரவில் வர இஷ்டமா?" என்று கேட்பவர் யார்?

பணம் யாருக்கு?

3 ஆண்டு முடிந்து, 19 வயதில் பணத்தோடு ஊர் திரும்புகிறாள். சம்பாதித்தவள் அவள். ஆனால், அந்தப் பணத்தை அவள் எண்ணிப் பார்ப்பதற்குள் நகைக்கடைக்குப் போய்விடும். அல்லது அப்பாவின் கடனுக்கு, தம்பியின் படிப்புக்கு. "நானே படிக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னால் வீட்டில் சண்டை. "எனக்குப் பிடித்தவனைக் கட்டுகிறேன்" என்றால் கேட்கவே வேண்டாம்!

அரசும் பெண்ணின் கல்யாணத்துக்குத்தான் நிதி கொடுத்து வந்தது. 2022-ல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தது. பெயர் "புதுமைப் பெண்".

அதே 2022-ம் ஆண்டு ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. முந்தைய ஆண்டு ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் விடவில்லை. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தோடும் வெளிநாட்டுத் துணி நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்ல, தொழிலாளிப் பெண்களிலேயே சிலர் நியமிக்கப்பட்டார்கள்.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரை ஆலைகள் விட்டுவிட்டன. விடுதிகள் இருக்கின்றன. தெற்கத்திப் பெண்கள் குறைந்த இடங்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, அடுத்த ஷிப்டுக்குத் தலைமுடியை முடிந்துகொண்டு கிளம்புகிறார்கள்.