பேரொளியார் சிலர், சிற்றொளியார் பலர்
விண்மீன் மண்டலக் கொத்துகளின் ஒளிக் கணக்கு

இரவு வானில் வெறுங்கண்ணால் நாம் தனித்தனியே காணும் விண்மீன்கள் யாவும் பால்வழி எனும் நமது விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவையே. அதற்கு அப்பால் இத்தகைய மண்டலங்கள் கோடானுகோடி உள்ளன. அவற்றுட் பல கூடி வாழ்கின்றன. சிறு கூட்டத்தைக் குழு என்றும், நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் திரண்ட பெருங்கூட்டத்தைக் கொத்து என்றும் அழைப்பர். இக்கூட்டங்களில் ஒளி எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது? அப்பங்கீடு நமக்கு எதனை உணர்த்துகிறது?

முதலில் நம் வீட்டையே நோக்குவோம். பால்வழி அடங்கிய உள்ளூர்க் குழுவில் ஏறத்தாழ 80 அல்லது அதற்கு மேற்பட்ட மண்டலங்கள் அறியப்பட்டுள்ளன. ஆயினும் இக்குழுவின் ஒளியிற் பெரும்பகுதி இரண்டிலிருந்தே வருகிறது. ஒன்று பால்வழி, மற்றது 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்திரொமீடா. ஏனையவற்றுள் மிகப்பல மங்கிய குறுமண்டலங்களே.

இவ்வழக்கத்தை 1976ஆம் ஆண்டில் பால் ஷெக்டர் என்னும் அமெரிக்க வானியலாளர் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். சூரியனைப் போல் ஏறத்தாழ 2,000 கோடி மடங்கு ஒளி என்பது அதிலுள்ள எல்லைக்கல். அவ்வெல்லைக்குக் கீழே, ஒளி குறையக் குறைய மண்டலங்களின் எண்ணிக்கை சீராகப் பெருகும். எல்லைக்கு மேலே எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்துவிடும். நமது பால்வழி அவ்வெல்லையின் அருகில் நிற்கிறது.

கன்னி இராசியின் திசையில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கன்னிக் கொத்து உள்ளது. பிங்கெலி, சாண்டேஜ், தம்மன் ஆகிய மூவரும் 1985இல் அத்திசையிலுள்ள 2,000க்கும் மேற்பட்ட மண்டலங்களைப் பட்டியலிட்டு, சுமார் 1,300 மண்டலங்களைக் கொத்தின் உறுப்பினர் எனக் கொண்டனர். அங்கும் சிற்றொளியாரே பெரும்பான்மையினர்.

ஆனால் ஒரு புதிர் உண்டு. பல கொத்துகளின் நடுவே வீற்றிருக்கும் தலைமை மண்டலம், சூத்திரம் அனுமதிப்பதைவிட மிகுந்த ஒளி உடையது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளி தற்செயலாக அமைந்ததன்று என்பதை ட்ரெமெய்ன், ரிச்ஸ்டோன் இருவரும் 1977இல் எடுத்துக்காட்டினர்.

இப்புதிரை விடுவிக்க உதவியது, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் வெளியிட்ட ஆய்வு. கனத்த பொருளொன்று விண்மீன்களின் ஊடே செல்லும்போது, அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் அதன் பின்னே நெருங்குகின்றன. அந்நெருக்கம் அதனைப் பின்னோக்கி இழுக்க, அதன் வேகம் தணிகிறது. இதற்கு இயக்க உராய்வு என்று பெயர். இதன் வழியே பெரிய மண்டலங்கள் கொத்தின் நடுவே அமிழ்ந்து, தலைமை மண்டலத்துக்கு இரையாகின்றன என்று 1975இல் ஆஸ்ட்ரைக்கரும் ட்ரெமெய்னும் விளக்கினர். அண்டை அயலாரை விழுங்கித் தனியே நிற்கும் மண்டலங்களும் உள்ளன. இரண்டாவதைவிட ஆறு மடங்குக்கு மேல் ஒளிரும் தலைவனையுடைய அவ்வகைக் குழுக்களைப் புதைபடிவக் குழுக்கள் என்பர்.

மங்கிய முனையிலோ வேறொரு வினா எழுந்தது. பால்வழியைச் சுற்றி நூற்றுக்கணக்கான குறுமண்டலங்கள் இருக்கவேண்டும் என்று கருஞ்சடப்பொருட் கொள்கை 1999இல் கணித்தது. அன்று அறியப்பட்டவையோ பத்துக்குச் சற்று மேல். பின்னர் பல கண்டுபிடிக்கப்பட்டன. மிகச் சிறிய கருஞ்சடத் திரள்களில் வாயு சூடேறி வெளியேறியதால் விண்மீன்களே பிறக்கவில்லை என்றும் இன்று கருதப்படுகிறது. அவ்வாறாயின், ஒளியின்மையும் ஒரு சான்றாகிறது!

சிலி நாட்டின் வேரா ரூபின் ஆய்வுக்கூடம் 2025இல் வெளியிட்ட முதற் படங்களுள் கன்னிக் கொத்தும் ஒன்று. மங்கியவற்றை எண்ணும் பணி தொடர்கிறது. மாணவச் செல்வங்களே, பேரொளி கண்ணைக் கவரும். எனினும் அண்டத்தின் வரலாற்றை முழுமையாக அறிய, சிற்றொளிகளையும் ஒன்று விடாமல் நாம் எண்ணியாக வேண்டும். அவற்றுள் இன்னும் காணப்படாத சிலவற்றை உங்களுள் ஒருவரே நாளை காணக்கூடும்.