நான்கு சுவருக்குள்ளும் நல்ல பொழுது

வீட்டுக்குள் அடைந்து கிடப்பது என்றதும் நம் எல்லோருக்கும் 2020ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். மார்ச் 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 25ஆம் தேதி முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு, பிறகு மே 31 வரை நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு என்று 68 நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அது பழைய கதைதானே, இப்போது எதற்கு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம்.

ஊரடங்கு போனாலும் வீட்டுக்குள் முடங்கும் நாட்கள் நம்மை விட்டுப் போய்விடவில்லை. குழந்தைக்கு அம்மை போட்டால் கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை வெளியே அனுப்ப முடியாது. முழங்கால் அறுவை செய்துகொண்டவர் பல வாரங்கள் வீட்டோடுதான் இருந்தாக வேண்டும். எங்கள் டில்லியில் நவம்பர் வந்தால் புகைமூட்டம் பள்ளிக்கூடத்தையே பூட்ட வைத்துவிடுகிறது. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் பெரியவர்களுக்கு, மொழி தெரியாத இந்த நகரத்தில் எல்லா நாளும் ஏறக்குறைய ஊரடங்குதான். ஆகவே, அந்த 68 நாட்களில் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதையும் அதற்குப் பின்னால் உள்ள காரணங்களையும் எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

தனித்திருத்தல் புதிதல்ல

நோய்க்காக ஆட்களைத் தனியே நிறுத்தி வைக்கும் வழக்கம் மிகப் பழையது. இன்று டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகுசா துறைமுகத்தில் 1377ஆம் ஆண்டிலேயே, கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பின்னர் அது 40 நாளாயிற்று. நாற்பது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' என்ற சொல்லே பிறந்தது. நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் கடல் தாண்டுமுன் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டார்கள். இன்றும் அந்த இடத்துக்கு 'மண்டபம் கேம்ப்' என்றே பெயர்.

விரும்பியே தனித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் நம் நாட்டுக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் உள்ளன. மைத்ரி 1989லும் பாரதி 2012லும் செயல்படத் தொடங்கின. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கும் சிறு குழுவினருக்கு வெளியிலிருந்து கப்பலும் வராது, ஆளும் வராது. ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே தலை காட்டாது. அவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? நேரம் தவறாத சாப்பாடு, ஆளுக்கொரு பொறுப்பு, முறை வைத்துச் சமையலறை வேலை, எல்லோரும் கூடி உண்பது. இவை நம் வீட்டுக்கும் பொருந்துபவைதாம்.

அத்தைக்கு நேர்ந்தது

என் மாமியாருக்கு அப்போது வயது 76. அம்பாசமுத்திரத்திலிருந்து பிப்ரவரியில் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தோம். ரயில்களெல்லாம் நின்றுவிட்டன. இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் போனுமாக உட்கார்ந்துவிட, அத்தைக்கு மட்டும் வேலை எதுவும் இல்லை.

ஊரில் அவர்கள் விடிவதற்குள் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுபவர்கள். இங்கே இரண்டு வாரத்தில் காலை பத்து மணிக்கு எழுந்தார்கள். பகலில் தூங்கி, இரவு இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு பாதியாயிற்று. ஒரு நாள் எழுப்பப் போனபோது, "எந்திச்சு என்ன செய்ய? எனக்கு என்ன சோலி கெடக்கு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் அதற்குப் பதில் கண்டுபிடிக்காவிட்டால் அத்தையை நல்லபடியாக ஊர் கொண்டு சேர்க்க முடியாது என்பது மட்டும் புரிந்தது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

பகலும் இரவும் ஏன் தலைகீழாகின்றன? நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகளின் அருகே, ஒரு சிறிய நரம்புத் திரள் இருக்கிறது. தூக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கு நேரம் குறிப்பது அதுதான். பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது திருத்தி வைக்கப்படுகிறது. திரையை இழுத்துவிட்ட அறையில் கிடந்தால் நாளுக்கு நாள் கடிகாரம் பின்தங்கிப்போகும்.

விளக்குதான் எரிகிறதே என்று நினைக்க வேண்டாம். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவே. மேகமூட்டமான பகலில்கூடத் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். ஆகவே காலையில் அரை மணி நேரமாவது பால்கனியிலோ மொட்டை மாடியிலோ உட்காருவது மருந்துக்குச் சமம். காற்றின் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் புகைமூட்ட நாட்களில் மட்டும், மூடிய கண்ணாடி ஜன்னல் அருகே உட்கார்ந்தால் போதும்.

நாங்கள் முதலில் செய்தது இதைத்தான். அத்தையின் காலைக் காப்பியை அறையிலிருந்து பால்கனிக்கு மாற்றினோம். "காப்பி அங்கதான் கிடைக்கும் ஆச்சி" என்று என் மகள் கையைப் பிடித்து அழைத்துப் போவாள். துளசித் தொட்டிக்குத் தண்ணீர் விடும் பொறுப்பும் அத்தையுடையதாயிற்று. பத்துப் பன்னிரண்டு நாட்களில் இரவுத் தூக்கம் பெருமளவு சீரானது.

நான்கு முளைகள்

ஊரடங்கின் தொடக்கத்தில் பலர் மணிக்கு மணி அட்டவணை போட்டார்கள். மூன்றாம் நாளே அது சுவரில் வெறும் காகிதமாகத் தொங்கியது. பந்தலுக்கு நான்கு மூலையில் முளை அடித்தால் போதும், நடுவில் காற்றுக்கு ஆடினாலும் பிடுங்கிக்கொண்டு போகாது. எழும் நேரம், குளித்து உடை மாற்றும் நேரம், எல்லோரும் கூடி உண்ணும் ஒரு வேளை, விளக்கணைக்கும் நேரம் ஆகிய நான்கை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு மற்றதை அவரவர் வசதிக்கு விட்டுவிடலாம்.

குளித்து உடை மாற்றுவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இரவு உடையிலேயே பகலையும் கழிப்பவருக்கு நாள் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை.

ஆளுக்கொரு சோலி

அத்தையின் கேள்விக்குப் பதில் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று கிடைத்தது. அன்று காலைதான் பிரதமர் ஊரடங்கை மே 3 வரை நீட்டித்து அறிவித்தார். எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் ஹிந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம். அவளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைத்தோம்.

தமிழில் 247 எழுத்து என்றதும் நம் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பயமில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதமுள்ள 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கையே. உயிர் எழுத்துக்கு நாளுக்கு நான்காக மூன்று நாள், மூன்றாம் நாளிலேயே ஆய்தமும் சேர்த்து. பிறகு நாளுக்கு ஒரு மெய்யும் அதன் வரிசையும் என்று 18 நாள். ஆக 21 நாள். கால், கொம்பு, சுழி என்று குறிகளை ஒருமுறை பழகிவிட்டால் அடுத்தடுத்த வரிசைகள் தாமாக வரும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் கூடுதல் பயிற்சி தேவை. அத்தை தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். காலை பதினொரு மணிக்கு வகுப்பு. ஆசிரியர் தாமதமாக எழ முடியுமா? அதன்பின் அத்தையை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

சித்திரை வெயில் வந்ததும் வடாம் பிழிந்தார்கள். டில்லி வெயிலுக்கு ஜவ்வரிசி வடாம் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். கல்லூரியில் படிக்கும் என் மகன் மாவு கிளறக் கற்றுக்கொண்டான். பெரியவர்களை உட்கார வைத்துச் சோறு போடுவது மட்டும் மரியாதையாகாது. அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை வீட்டில் இருக்க வேண்டும்.

கால்களை மறக்க வேண்டாம்

நல்ல உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியாயிற்று. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. முடங்கிக் கிடந்த பெரியவர்கள் எழுந்ததும் தடுமாறி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், 65 வயது கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதற்குப் பூங்கா தேவையில்லை. கூடத்திலிருந்து அடுக்களை வரை பத்து நடை, மணிக்கு ஒருமுறை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துத் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, காலுக்குப் பத்து எண்ணிக்கை. அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

பேச்சும் துக்கமும்

மே மாதத் தொடக்கத்தில், எழுத்துப் பாடம் முடிந்த சில நாட்களில், ஊரில் அத்தையின் தங்கை காலமானார். ரயில் இல்லை. உள்நாட்டு விமானங்களும் மே 25 வரை பறக்கவில்லை. கூடப்பிறந்தவளின் முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. நம் வழக்கத்தில் துக்கத்தைத் தனியே அழ விடுவதில்லை. நாலு பேர் வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்த நாலு பேர் இங்கே இல்லை.

ஆகவே உறவினர்களிடம் சொல்லி வைத்தோம். மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு, ஒவ்வொருவராகப் போனில் அழைத்து இறந்தவரைப் பற்றிப் பேசினார்கள். அத்தை அழுதார்கள், நடுநடுவே பழைய கதைக்குச் சிரிக்கவும் செய்தார்கள். நான்காம் நாள், தங்கையின் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். அவள் தமிழில் எழுதிய முதல் கடிதம் அது. றகர ரகரப் பிழைகளோடு அப்படியே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

'எப்படி இருக்கிறீர்கள்' என்று அவ்வப்போது கேட்டுவிட்டு வைப்பதைவிட, குறித்த நாளில் குறித்த நேரத்தில் வரும் அழைப்பு பெரிது. அதற்காகக் காத்திருப்பதே பாதி மகிழ்ச்சி.

சிறிய வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தால் உரசலும் வரும். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தோம். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக்கூடாது. நான் அந்த நேரத்தில் படித்தேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எப்போது உதவி தேட வேண்டும்?

இத்தனை செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, 'நான் எதற்கு இருக்கிறேன்' என்ற பேச்சு தொடர்ந்தால் அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண்ணும் உண்டு. ஹிந்தியில் மனசைத் திறக்கத் தெரியாத நம் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. இந்த இரண்டு எண்களையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர் யார் யார் என்று ஒவ்வொரு காலனியிலும் நான்கு பேர் சேர்ந்து ஒரு பட்டியல் எடுக்கலாம். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், தமிழில் பத்து நிமிடம் பேச ஒருவர் பொறுப்பேற்கலாம். எழுத்துக் கற்க ஒரு குழந்தையை அவரிடம் அனுப்பலாம். 21 நாளில் ஒரு பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வந்துவிடும். ஒரு பெரியவருக்கும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.