மட்பாண்டத்தில் வைத்த பத்திரம்

எருசலேம் நகரைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருந்த நாட்களில், காவல் கூடத்தில் அடைபட்டிருந்த இறைவாக்கினர் எரேமியா வியத்தகு செயல் ஒன்றைச் செய்தார். பகைவர் கைக்குப் போகவிருந்த நாட்டில், அனத்தோத்து ஊரிலிருந்த நிலம் ஒன்றை 17 செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் பாரூக்கிடம் ஒப்புவித்து, நெடுநாள் அழியாதிருக்கும்படி மட்பாண்டத்தில் வைக்கப் பணித்தார் (எரே 32). அப்பத்திரத்தால் அன்று அவருக்கு யாதொரு பயனும் இல்லை. என்றோ ஒரு நாள் திரும்பி வரும் மக்கள் அதனை எடுத்து வாசிப்பர் என்ற நம்பிக்கையே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது.

எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் அவர் காணாத இன்னொருவர். இவ்விருவருக்கும் இடையே நிற்கும் நம்பிக்கையே ஆவணம். கணிப்பொறியும் இணையமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில், இதனைக் குறித்துச் சிந்திப்பது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிக் காக்க வேண்டுமெனத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றிற்கு ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு இருக்க வேண்டுமென்றும், பழைய ஏடுகளையும் கருத்தோடு காக்க வேண்டுமென்றும் 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு (535) கூறுகிறது. ஒருவர் எங்குத் திருமணம் செய்தாலும், அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அனுப்பப்பட்டு, அவர் பெயருக்கு எதிரே ஓரக்குறிப்பாக எழுதப்பட வேண்டும்.

இவ்வொழுங்கின் அருமை சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு நன்கு தெரியும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு லாரிகள் செல்லாத மாநிலம் அரிது. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் மாதக்கணக்கில் வடக்கே இருப்பர். பிறந்த ஊர் ஒன்று, படித்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் வேறொன்று என நம் மக்கள் சிதறியிருக்கின்றனர். அவர்கள் யாவருக்கும் தாய்வீடு போல நிற்பது அவர்கள் பெயர் எழுதப்பட்ட அந்த ஒற்றை வரியே.

அந்த வரியை எழுதும் எழுத்தும் காலந்தோறும் மாறியே வந்துள்ளது. யான் தொடக்கப் பள்ளியில் சிலேட்டுப் பலகையில் எழுதப் பழகியபோது, 'லை', 'னை' என்னும் எழுத்துகளுக்கு யானையின் துதிக்கை போன்ற வளைவு தலைமேல் இருந்தது. அதனை வளைத்துப் போடுவதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. 1978இல் தமிழக அரசு, பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் புது வடிவம் பெற்றன. பள்ளியில் புதிய 'லை' எழுதிய நாங்கள், வீட்டிற்கு வந்த கடிதங்களில் பழைய 'லை'யை வாசித்தோம். இரண்டும் ஒரே ஒலியைத் தந்ததால் குழப்பம் எழவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆசிரியர் இருந்தார்.

இது தமிழுக்குப் புதிதன்று. 1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல், ஓலையில் வாழ்ந்த தமிழைத் தாளுக்குக் கொணர்ந்தது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் மயங்காதிருக்க வீரமாமுனிவர் வடிவ வேறுபாடு செய்தார். வாசிப்பவர் இடர்ப்படலாகாது என்பதே இம்முயற்சிகளின் நோக்கம்.

கணிப்பொறி வந்தபோதோ நிலைமை வேறாயிற்று. தமிழ் எழுத்துகளுக்கு இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்ற பொது உடன்பாடு நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் எண்களை வழங்கியது. ஒரு பொறியில் 'அம்மா' என்று தட்டியது, அதே எழுத்துரு இல்லாத மற்றொரு பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

யான் முன்னர்ப் பணியாற்றிய பங்கு ஒன்றில், 1990களில் திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு பகுதியைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தனர். அங்குத் திருமுழுக்குப் பெற்று, தந்தையின் தொழில் நிமித்தம் வெளிமாநிலத்தில் வளர்ந்த பெண் ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகிச் சான்றிதழ் தேவைப்பட்டது. கோப்பைத் திறந்தோம், திரை முழுவதும் புரியாத குறிகள். அந்த எழுத்துருவும் இல்லை, அமைத்தவரும் ஊரில் இல்லை. அலமாரியிலிருந்த தடித்த ஏட்டை எடுத்தோம். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது; ஆயினும் பத்து நிமிடத்தில் அவள் பெயர் கிடைத்தது. ஆகவே தாளே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. கறையான் இன்னும் சற்று உள்ளே சென்றிருந்தால், அந்த ஏட்டிற்கு வேறு பிரதி ஏது? எரேமியா இரு பிரதிகள் எழுதியதன் பொருள் அன்று விளங்கிற்று.

இம்மயக்கத்தைத் தீர்க்க அறிஞர்கள் உழைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டின் பயனாகப் பொது விசைப்பலகையும் எழுத்துக் குறியீட்டுத் தரங்களும் பிறந்தன. உலக மொழிகள் அனைத்திற்கும் எண் வழங்கும் யுனிகோடு முறையில் 1991 முதலே இடம்பெற்றிருந்த தமிழ், பின்னர் அதன் வழியாகவே கைப்பேசிவரை வந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தனர். முன்பு வேறு குறியீட்டில் ஏற்றிய நூல்களை யுனிகோடிற்கும் மாற்றினர். ஒருமுறை எழுதினால் போதாது, தலைமுறைதோறும் பெயர்த்தெழுத வேண்டும் என்பதற்கு அவர்கள் சான்று.

அண்மையில் கோடை விடுமுறையின்போது, கல்லூரி மாணவர் சிலர் பழைய பதிவேடுகளை யுனிகோடில் ஏற்ற முன்வந்தனர். திறமை மிக்கவர்கள், எனினும் 'மதலைமுத்து' என்ற பெயரிலும் 'அன்னாள்' என்ற பெயரிலும் பழைய வடிவங்களைக் கண்டு தடுமாறினர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அருகமர்ந்து வாசித்துத் தந்தார். ஒரு நாள் மாலை அவர் குரல் நின்றது. விரல் வைத்திருந்த வரியில், பிறந்து சில மாதங்களில் இறந்துபோன அவருடைய தங்கையின் பெயர் இருந்தது. "படம் இல்லை, கல்லறையும் தெரியவில்லை, இவள் இருந்தாள் என்பதற்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது, சாமி" என்றார். மாணவர்கள் அதன்பின் ஒவ்வொரு பெயரையும் இருமுறை சரிபார்த்தே தட்டினர்.

அன்புள்ள பெற்றோரே, நும் குடும்பத்தின் பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு நாட்களை ஒரு நோட்டில் தெளிவாக எழுதி வையுங்கள். அதனையே யுனிகோடில் தட்டச்சு செய்து வேறோர் இடத்திலும் காத்திடுங்கள். கைப்பேசி மாறும்போது கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். பிறருடைய விவரங்களைப் பொது இணையத்தில் பரப்பாதீர்கள். பதிவேடு காக்கப்பட வேண்டியதேயன்றிக் காட்சிப் பொருளன்று. பாட்டியின் பழைய கடிதங்களை அவர் உயிரோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை அருகமர்த்தி வாசிக்கச் செய்யுங்கள்.

எரேமியாவின் காலத்தில் அது மட்பாண்டம். நம் காலத்தில் கணிப்பொறி. பாண்டம் உடையக்கூடியதே. அதனுள் இருப்பதை எடுத்துப் புதிய பாண்டத்தில் வைக்கும் கைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்குமாயின், நம் பிள்ளைகளின் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தேடி வரும்போது வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள்.