விடியும்வரை உடனிருக்க ஒருவர்

இப்படி ஓர் இரவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மணி பதினொன்றரை. ஊரைவிட்டு மும்பைக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் நான்கைந்து பேரோடு தங்கி வேலை பார்க்கும் ஒரு வாலிபர் உங்களைக் கைபேசியில் அழைக்கிறார். "அண்ணே, தூங்கிட்டீங்களா? சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்கிறார். பேச்சு எங்கெங்கோ செல்கிறது. தம்முடைய சான்றிதழ்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, யாருக்கு எவ்வளவு பணம் தரவேண்டும், ஊரில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் சொல்லுகிறார். குரலில் அழுகை இல்லை. விசித்திரமான ஓர் அமைதி இருக்கிறது.

நீங்கள் என்ன பதில் சொல்லுவீர்கள்? "ஜெபம்பண்ணிவிட்டுத் தூங்கு தம்பி, ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்" என்று அன்போடுதான் பலரும் சொல்லுவோம். ஆனால் சிலருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வராமலே போய்விடுகிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. அறையில் நம்மோடு படுத்து உறங்குகிறவரும், ஆராதனையில் நமக்குப் பக்கத்தில் நிற்கிறவரும் இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பவர்கள் அல்லர். இத்தகைய நெருக்கடி நேரத்தில், மருத்துவர் அல்லாத சாதாரண மனிதர் ஒருவரால் என்ன செய்யக்கூடும் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

தேநீர் கொடுக்க வந்தவர்கள்

1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் குருவானவர் தம் ஊழியத்தின் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். அது 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கம். தனக்கு முதன்முதலாக மாதவிலக்கு ஏற்பட்டதை, வெளியே சொல்லக்கூடாத ஒரு நோயென்று எண்ணி அஞ்சி, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். யாரேனும் ஒருவர் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து, லண்டன் மாநகரின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் பணியாற்றியபோது, தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்கென ஒரு தொலைபேசியை அவர் ஏற்படுத்தினார். 1953 நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. தொலைபேசியில் பேசியவர்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுக்கவும், அவர்களோடு பேசிக்கொண்டிருக்கவும் சிலர் தாமாக முன்வந்தார்கள். அவர்கள் படித்துப் பட்டம் பெற்ற ஆலோசகர்கள் அல்லர்.

ஆனால் அங்கே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. குருவானவரைக் காண வந்த பலர், தேநீர் கொடுத்தவரிடமே தங்கள் மனபாரத்தை இறக்கிவைத்துவிட்டு, அவரைக் காணாமலே ஆறுதலோடு திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு முதலாவது தேவைப்பட்டது அறிவுரை அன்று, பொறுமையோடு கேட்கும் ஒரு செவி என்பதைச் சாட் வாரா கண்டுகொண்டார். 1954 பிப்ரவரியில் அந்தப் பணியைத் தொண்டர்களின் கையிலேயே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்று இன்று உலகறிந்த இயக்கம் இவ்வாறே பிறந்தது. நம் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டே இயங்குகிறது.

மரப்பலகையும் ஒன்பது சந்திப்புகளும்

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவரின் நோயாளியான இளம்பெண் ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலிருந்து, பின்பு தற்கொலை செய்துகொண்டாள். அந்தத் துயரமே அவரைச் சிந்திக்க வைத்தது. நோயாளி மருத்துவரிடம் வர இயலாவிட்டால், ஆறுதல் நோயாளியின் தெருவுக்குப் போகட்டும் என்று தீர்மானித்தார். 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 முதிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து மக்களோடு பேசும்படி செய்தார்.

அந்தப் பாட்டிமார் மருத்துவச் சொற்களைப் பயன்படுத்துவதில்லை. தங்கள் ஷோனா மொழியில் "அளவுக்கு மிஞ்சிய யோசனை" என்று பொருள்படும் வார்த்தையையே வழங்குகிறார்கள். "மனசு ஒரே யோசனையா இருக்குது" என்று நம் தாய்மார் சொல்லுவதும் இதுதான் அல்லவா? 573 பேரைக்கொண்டு செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதத்திற்குப் பின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு நீடித்திருந்தது. பாட்டிமாரோடு பேசியவர்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கே அது நீடித்தது.

நம் நாட்டிலும் இதைப்போன்ற முயற்சி உண்டு. ஆத்மீயதா என்னும் திட்டத்தில், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கிராமத்து மக்களே பயிற்சி பெற்று, தங்கள் அண்டைவீட்டாரின் மனத்துயரைக் கேட்டு, தேவையானவர்களை மருத்துவரிடமும் அரசு உதவிகளிடமும் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர்களில் ஒன்று "மித்ரா". நண்பர் என்று பொருள்.

தொடர்ந்து விசாரிப்பதன் வல்லமைக்கும் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு, ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பின், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிக்கப்பட்டது. மருத்துவப் பழக்கமுள்ளவர்களே இதைச் செய்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, விசாரிக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 22 பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர் மட்டுமே. ஒன்பது விசாரிப்புகள்! நம் கைபேசியில் ஒரு நாளில் நாம் அனுப்பும் வாழ்த்துச் செய்திகளைவிட இவை குறைவானவை.

அதே பாதையில் நடந்தவர்

நெருக்கடியில் இருப்பவருக்கு உதவக்கூடியவர்களுள் தனிச்சிறப்பு உடையவர் ஒருவர் உண்டு. தாமே அந்தப் பள்ளத்தாக்கின் வழியாய் நடந்து, சிகிச்சை பெற்று, மீண்டு வந்தவர் அவர். "எனக்கும் இப்படி இருந்தது. மாத்திரை சாப்பிட்டேன். சில மாதங்கள் ஆயிற்று. இன்று வேலைக்குப் போகிறேன்" என்று அவர் சொல்லும் நான்கு வாக்கியங்களை எந்த மருத்துவரும் சொல்ல இயலாது.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ காய்கறி வாங்கக் கற்றுக்கொண்டோம். ஆனால் நெஞ்சின் பாரத்தைச் சொல்ல அந்த மொழி நமக்குப் போதாது. ஆகவே "தலைவலி, தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லி, வலி மாத்திரையோடு திரும்பிவிடுகிறோம். மருத்துவமனைக்கு உடன்வந்து, உள்ளதை உள்ளபடி எடுத்துச்சொல்லும் ஒரு தமிழ்ச் சகோதரர் அல்லது சகோதரி அந்த நேரத்தில் பாதி மருந்துக்குச் சமம்.

எப்படி உதவலாம்?

முதலாவது, நேரடியாகக் கேளுங்கள். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை, ஒருவராவது புரிந்துகொண்டாரே என்ற ஆறுதலே உண்டாகிறது. "ஆம்" என்று அவர் சொன்னால் பதறாதீர்கள், கடிந்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் இராப்பகலாய் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவனுடைய புண்ணைக் கிளறினார்கள்.

மூன்றாவது, தனியே விடாதீர்கள். ஆபத்து உடனடியானதாகத் தோன்றினால் விடியும்வரை ஒருவர் அருகே இருக்கட்டும். உயிருக்குக் கேடு செய்யக்கூடியவை எவையோ அவை கைக்கு எட்டாதபடி அகற்றப்படட்டும். காலையில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன்செல்லுங்கள். தமக்குத் தீங்கு செய்துகொண்டுவிட்டாரென்றால் ஒரு நிமிடமும் தாமதியாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நான்காவது, தொடர்ந்து விசாரியுங்கள். முதல் வாரத்தில் எல்லாரும் வருவார்கள். ஏழாவது வாரத்தில் வருகிறவரே உண்மையான தொண்டர்.

ஐந்தாவது, இரகசியம் காத்துக்கொள்ளுங்கள். இதில் நம்முடைய சபைகள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் கண்ணீரோடு சொன்னதை, அவரைக் கேளாமலே ஜெபக்குறிப்பாக எல்லார் முன்பாகவும் வாசித்துவிடுகிறோம். அதன்பின் அவர் நம்மிடம் வாய் திறப்பதில்லை. இதைக் கண்ட இன்னும் பத்துப்பேரும் திறப்பதில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மட்டும், குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் சொல்லியே ஆகவேண்டும். அதை மறைக்கமாட்டேன் என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நேர்மை.

நாம் விடவேண்டிய தவறுகள்

மனச்சோர்வு விசுவாசக் குறைவினால் வருகிறது என்று எண்ணுகிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் வெற்றி கண்ட அதே தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டினான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; முதலில் உறக்கமும், அடையும், தண்ணீரும் அவனுக்குக் கிடைத்தன. வழிப்பிரயாணம் அவனுக்கு மிஞ்சியது என்று தேவதூதனே ஒப்புக்கொண்டான்.

"ஜெபித்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் நம்மில் எவருக்கும் இல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சர்க்கரை நோயாளியின் இன்சுலினை நாம் நிறுத்தச் சொல்லுவதில்லையே!

கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மடிந்தார்கள். எந்த மதத்தின் பெயரால் பூட்டினாலும் சங்கிலி சங்கிலியே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகாதவர்களும் உண்டு. அச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தபின், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்படவேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆகவே காவல் நிலையத்துக்குப் பயந்து காலத்தைக் கடத்தவேண்டாம்.

தொண்டருக்கும் ஓய்வு வேண்டும்

மற்றவரின் பாரத்தைச் சுமக்கிறவரும் மனிதரே. இரவெல்லாம் கேட்ட துயரம் அவருடைய உறக்கத்தையும் கெடுக்கும். எனவே ஒருவரே எல்லாரையும் தாங்கவேண்டாம். ஒரு சபையில் இரண்டு சகோதரர்களும் இரண்டு சகோதரிகளுமாவது முறைவைத்துச் செயல்படட்டும். சகோதரிகளின் துயரைச் சகோதரிகளே கேட்கட்டும். மாதம் ஒருமுறை கூடி, பெயர்களைச் சொல்லாமல், தங்கள் சொந்தக் களைப்பைப் பகிர்ந்துகொள்ளட்டும். அருகிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரை அழைத்து ஒருநாள் பயிற்சி பெறட்டும். மருத்துவரின் வேலையைத் தாங்கள் செய்யத் துணியாமல், அவரிடம் கொண்டுசேர்ப்பதே தங்கள் வேலை என்று அறிந்திருக்கட்டும்.

2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை உங்கள் கைபேசியில் இன்றே பதிவு செய்யுங்கள். சபை அறிவிப்புப் பலகையிலும் எழுதி வையுங்கள். இதை வாசிக்கும் நீங்களே அந்த இருளில் இருந்தால், தயவுசெய்து இப்பொழுதே அழையுங்கள். உங்கள் வேதனை பாவமுமல்ல, வெட்கமுமல்ல.

இனி அந்த இரவுக்குத் திரும்புவோம். மணி பதினொன்றரை. "சும்மாத்தான் கூப்பிட்டேன் அண்ணே" என்கிறார் அந்த வாலிபர். இப்பொழுது உங்களுக்குச் சொல்லத் தெரியும்: "தம்பி, போனை வைக்காதே. எங்கே இருக்கிறாய்? நான் கிளம்பி வருகிறேன்." சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். போகும் வழியில் ஜெபியுங்கள். போனபின் அருகே உட்காருங்கள். முடிந்தால் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு போங்கள்.